இலவசத்தின் விலை பின்னால்தான் எழுதப்படுகிறது

பயனர்களின் தகவல்களை விற்பதில்லை என்று கூகுளும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. இன்னொரு பக்கம் அபராதச் செய்திகளுக்கும் குறைவில்லை. 2019-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஃபேஸ்புக்குக்கு விதித்தது 500 கோடி டாலர். இருப்பிடத் தகவலைச் சேகரித்த விதத்துக்காக 2022-ல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு கூகுள் கொடுக்கச் சம்மதித்தது 39.15 கோடி டாலர். 2025-ல் டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டும் 137.5 கோடி டாலர். விற்கவே இல்லை என்றால் இவ்வளவு பணம் எதற்கு? ஒருவேளை விற்றார்களோ?

நிறுவனங்கள் சொல்வதும் சரி, அபராதங்களும் சரி. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்று பார்த்தால், 'இலவசம்' என்ற ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதும் விளங்கிவிடும். பணம் வரும் வழியிலிருந்து தொடங்கலாம்.

காசு எங்கிருந்து வருகிறது

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2023 வருவாய் சுமார் 30,740 கோடி டாலர். அதில் விளம்பரத்தில் வந்தது ஏறக்குறைய 23,790 கோடி. நூறில் 77 பங்கு. மெட்டாவுக்கு அதே வருடம் சுமார் 13,490 கோடி வருவாய். அதில் நூறில் 98 பங்கு விளம்பரம்தான். மின்னஞ்சல், வரைபடம், தேடல், நண்பர்கள் பட்டியல் எல்லாம் இந்தக் கல்லாவுக்கு ஆள் சேர்க்கும் வாசல்கள்.

விளம்பரம் என்றால் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வந்ததுதானே, அதில் என்ன புதுசு என்று கேட்கலாம். பத்திரிகை விளம்பரம் பக்கத்தைப் பார்த்துப் போடப்படுவது; விளையாட்டுப் பக்கத்தில் காலணி விளம்பரம் வரும், அவ்வளவுதான். இணைய விளம்பரம் பார்ப்பவரைப் பார்த்துப் போடப்படுகிறது. எந்தப் பக்கத்தில் இருந்தாலும், பார்ப்பவர் போன வாரம் காலணி தேடினார் என்பது தெரிந்தால் போதும்.

அப்படித் தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒரு சம்பவம் துல்லியமாகக் காட்டியது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐஃபோனில் ஒரு சின்ன மாற்றம் செய்தது. மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் ஒரு செயலி, முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-ல் தனக்கு ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு வருவாய் குறையும் என்று மெட்டாவே மதிப்பிட்டது. ஒரே ஒரு கேள்வி, கேட்காமல் இருந்தவரை அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

ஒரு பக்கம் திறக்கும் நேரத்தில்

இனி, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஒரு செய்தித் தளத்தில் மூட்டு வலி பற்றிய கட்டுரையைத் திறக்கிறீர்கள். எழுத்துகள் வந்துவிட்டன, ஓரத்தில் ஒரு கட்டம் மட்டும் கொஞ்ச நேரம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றிடத்துக்காக இப்போது ஓர் ஏலம் நடக்கிறது.

1. அந்தத் தளம் ஒரு விளம்பரச் சந்தைக்கு, இங்கே ஓர் இடம் காலி என்று சொல்லி அனுப்புகிறது. இப்படிப்பட்ட சந்தைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று கூகுளுடையது.

2. வெறும் இடத்துக்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். ஆகவே பார்ப்பவர் யார் என்ற குறிப்பும் கூடவே போகிறது: திறந்த பக்கத்தின் முகவரி (மூட்டு வலிக் கட்டுரை என்பது அதிலேயே தெரியும்), ஃபோனின் மாடல், மொழி, ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), தோராயமான இருப்பிடம், அந்தக் கருவிக்கென்று ஒதுக்கப்பட்ட விளம்பர எண். செயலிக்குள் நடக்கும் ஏலமாக இருந்தால் சில சமயம் ஜிபிஎஸ் ஆயத்தொலைவுகளே போகும்.

3. ஏலம் கேட்பவர்கள் பலர். ஒவ்வொருவரும் அந்த எண்ணை, உங்களைப் பற்றித் தாங்கள் சேர்த்து வைத்திருக்கும் கோப்போடு ஒப்பிட்டு, இந்த ஆள் நமக்கு வேண்டியவரா, எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

4. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஏலத்தில் தோற்றவர்களுக்கு விளம்பர இடம்தான் கிடைக்கவில்லை. உங்களைப் பற்றிய குறிப்பு அவர்கள் கைக்கு ஏற்கெனவே போய்விட்டது. தோற்பதற்கென்றே ஏலத்துக்கு வந்து, குறிப்பை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒருவர் நினைத்தால் யார் தடுப்பது? இது வெறும் ஊகம் இல்லை. மொபைல்வாலா என்ற தரவுத் தரகு நிறுவனம் தான் வெல்லாத ஏலங்களிலிருந்தும் இருப்பிடத் தகவல்களைத் திரட்டி வைத்தது என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 டிசம்பரில் குற்றம்சாட்டி, அந்தப் பழக்கத்துக்குத் தடை விதித்தது. தரவுத் தரகர்கள் என்பவர்கள் பல இடங்களில் இருந்து தகவல்களைத் திரட்டி, கோர்த்து, அதையே சரக்காக விற்பவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரைக்கூட நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

'விற்பதில்லை' என்ற சொல்லின் சூட்சுமம் இப்போது பிடிபடும். பெரிய நிறுவனம் தன் கோப்பை யாருக்கும் விற்பதில்லை; அது பொன்முட்டை இடும் வாத்து, அறுப்பார்களா? விளம்பரதாரருக்கு உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் கண்முன் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான் அது காசு வாங்குகிறது. கோப்பு கை மாறவில்லை என்பது உண்மை. ஆனால் ஏலத்தின்போது குறிப்பு நாலாபக்கமும் போவதும் உண்மை. அதற்கு விற்பனை என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

குக்கியும் பிக்சலும்

ஏலத்தில் வருபவர்கள் நேற்று வந்த அதே ஆள்தான் இவர் என்று எப்படி அடையாளம் காண்கிறார்கள்? முதல் வழி குக்கி. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கிய சின்னக் குறிப்புச் சீட்டு அது. ஒரு தளம் உங்கள் உலாவியில் அதை விட்டுவைக்கும். மறுபடி போகும்போது படித்துப் பார்க்கும். இணையக் கடையில் கூடைக்குள் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனதும் காணாமல் போகாமல் இருக்கத்தான் அது தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு பக்கத்துக்குள் பத்து நிறுவனங்களின் துண்டுகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தன் சீட்டை விடலாம் என்று ஆனபோது, போகும் இடமெல்லாம் கூடவே வரும் வேவுக்காரனாக அது மாறிவிட்டது. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர். ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020-ல் இதை முழுவதும் தடுத்தது. அதே வருடம் ஜனவரியில் தானும் நிறுத்தப் போவதாக அறிவித்த கூகுள், தன் உலாவியான குரோமில் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உலாவியை வைத்திருப்பவரே விளம்பரக் கடையும் வைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும்.

இன்னொரு வழி பிக்சல். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி, அல்லது சில வரி நிரல். தளத்தை நடத்துபவரே தன் விளம்பரம் பலித்ததா என்று பார்க்க அதைப் பொருத்திக்கொள்கிறார். அது அந்தப் பக்கத்தில் நடப்பதை மெட்டாவுக்கோ கூகுளுக்கோ சொல்லிவிடும். 2022-ல் மார்க்கப் என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில் மெட்டாவின் பிக்சல் இருந்தது. டாக்டரிடம் நேரம் குறிக்கும் பொத்தானை ஒருவர் அழுத்தினால் அந்தத் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனது. அந்த ஆள் ஃபேஸ்புக்கைத் திறக்கக்கூட இல்லை. அவர் போனது மருத்துவமனையின் தளத்துக்கு.

பெயர் இல்லாவிட்டால் போதுமா

பெயரை நீக்கிவிட்டோம், அதனால் பயமில்லை என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். இதை நம்புவது கஷ்டம்.

2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று ஏறக்குறைய 6,50,000 பேரின் சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயருக்குப் பதில் ஆளுக்கொரு எண். சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், தேடல்களை மட்டும் வைத்து, ஓர் எண்ணுக்குரிய பெண்மணியின் வீட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தன் ஊர்ப் பெயரையும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும், தன் நாயின் தொல்லைகளையும் தேடியிருந்தார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத தேடல். சேர்த்துப் பார்த்தால் முகவரி.

இருப்பிடம் இன்னும் மோசம். 15 லட்சம் பேரின் ஃபோன் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, எந்த இடத்தில் எந்த நேரத்தில் இருந்தார் என்ற நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால் நூறில் 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. யோசித்தால் ஆச்சரியமில்லை. இரவு முழுக்க ஒரு ஃபோன் அசையாமல் இருக்கும் இடம் வீடு. பகலில் எட்டு மணி நேரம் இருக்கும் இடம் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே தினமும் போய்வருபவர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்புறம், நாம் சொல்லாததையும் கணிக்கிறார்கள். அதே 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு, 58,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் 'லைக்'குகளை மட்டும் வைத்து அவர்களுடைய அரசியல் சாய்வையும் மதத்தையும் பாலியல் நாட்டத்தையும் கணிசமான துல்லியத்தோடு ஊகித்தது. இங்கே ரகசியம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை. பிடித்த பாட்டுக்கும் பக்கத்துக்கும் கட்டைவிரலை உயர்த்தினார்கள், அவ்வளவே. தனியுரிமைக் கொள்கைகளில் 'நீங்கள் தரும் தகவல்' என்று ஒரு பகுதி இருக்கும். உண்மையில் கனமானது நீங்கள் தராமலே ஊகித்தெடுக்கும் தகவல்.

தொகை எழுதாத காசோலை

இந்த விஷயத்தில் பெரும்பாலான விளக்கங்கள் 'காசு கொடுக்காவிட்டால் நீங்கள்தான் சரக்கு' என்ற வாசகத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வாசகம் பாதிதான் சரி. காசு கொடுத்தவர்களும் தப்பவில்லை: விசியோ நிறுவனம் தான் விற்ற 1.1 கோடித் தொலைக்காட்சிகளில் என்ன பார்க்கப்படுகிறது என்பதை உரிமையாளருக்குத் தெரியாமல் சேகரித்ததற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. அந்தத் தொலைக்காட்சிகளை யாரும் இலவசமாக வாங்கவில்லை.

என் கணிப்பில் உண்மையான சிக்கல் வேறு. சாதாரண வியாபாரத்தில் விலை முதலில் தெரியும், பொருள் பிறகு வரும். இங்கே பொருள் முதலில் வந்துவிடுகிறது. விலை என்ன என்பது தகவல் கை மாறிய பல வருடங்கள் கழித்து, வாங்கியவரால், தனியாக எழுதப்படுகிறது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை மாதிரி. எப்படி நிரப்புகிறார்கள் என்பதற்குச் சில உதாரணங்கள்.

1. கொள்கையில் ஒரு வரியை மாற்றுவது. டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் 2007-ல் அறிவித்தது. டபுள்கிளிக் திரட்டும் உலாவல் வரலாற்றை, ஜிமெயில் போன்ற கணக்குகளில் உள்ள பெயரோடு சேர்க்காமல் தனியாக வைத்திருப்போம் என்ற உறுதி கூகுளின் கொள்கையில் நெடுநாள் இருந்தது. 2016 கோடையில் அந்த வரி எடுக்கப்பட்டது. பழைய பயனர்களிடம் ஒப்புதல் கேட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்கு அதுவே இயல்பான அமைப்பாகிவிட்டது.

2. நிறுவனம் கை மாறுவது. 2014-ல் வாட்ஸ்அப்பை வாங்கியபோது, அதன் கணக்குகளையும் ஃபேஸ்புக் கணக்குகளையும் தானாகப் பொருத்துவது நம்பகமாகச் செய்ய முடியாத காரியம் என்று ஃபேஸ்புக் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016-ல் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றியபோது இணைப்பதற்கான வாய்ப்பும் அதில் வந்தது. முதலில் சொன்னது தவறான தகவல் என்று 2017 மே மாதம் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. அபராதம் கட்டினார்கள்; வாட்ஸ்அப் அவர்களிடமே இருக்கிறது. செய்தியின் உள்ளடக்கம் வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டதுதான், அதில் ஐயமில்லை. யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது அதற்கு வெளியே நிற்கிறது.

3. பாதுகாப்புக்கென்று வாங்கியதை விளம்பரத்துக்குத் திருப்புவது. எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே மோசமான வகை இதுதான். கணக்கு திருடு போகாமல் இருக்க ஃபோன் எண் கொடுங்கள் என்று ட்விட்டர் கேட்டது, கொடுத்தார்கள். அந்த எண்ணையே விளம்பரதாரர்களின் பட்டியலோடு பொருத்தப் பயன்படுத்தியதற்காக 2022 மே மாதம் அது 15 கோடி டாலர் கட்டியது. இதைக் கேள்விப்பட்ட ஒருவர் அடுத்த தடவை இரட்டைப் பாதுகாப்பே வேண்டாம் என்று முடிவு செய்தால் நஷ்டம் அவருக்குத்தான். வைரஸ் தடுப்பு மென்பொருள் தரும் அவாஸ்டும் தன் பயனர்களின் உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் மூலம் விற்றதற்காக 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டியது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

4. புதுத் தொழில்நுட்பம் வருவது. ஃபேஸ்புக்கில் பொதுவெளியில் போட்ட பதிவுகளையும் படங்களையும் மெட்டா இப்போது செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்கிறது. 2007 முதலான பதிவுகளும் இதில் அடக்கம் என்பதை அது 2024-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது. 2007-ல் பிறந்தநாள் படம் போட்டவர் இப்படியொரு பயனைக் கனவிலாவது நினைத்திருப்பாரா? நிறுவனமே நினைத்திருக்காது. தகவலுக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதுதான் இங்கே பிரச்சினை.

அடுத்தவர் கணக்கில்

ஒரு செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது. நீங்கள் 'சரி' என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் முந்நூறு பேரின் எண்களும், சில சமயம் நீங்கள் வைத்த செல்லப் பெயர்களும் போகின்றன. அந்த முந்நூறு பேரிடம் யாரும் கேட்கவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்ததும் இதுவே. ஒரு குணநலக் கேள்வித்தாள் செயலியை நிறுவியவர்கள் சில லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதில், பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று 2018-ல் ஃபேஸ்புக்கே சொன்னது. என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லலாம். நண்பர்களுக்காகவும் சேர்த்து அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

அமைப்புகளை மாற்றினால்

கொஞ்சம் பலன் உண்டு. எது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உலாவியில் வரலாறு பதியாத இன்காக்னிட்டோ சாளரம் உங்கள் கணினியில் தடம் விடாது. ஆனால் எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கும் அதில் ஒட்டியிருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் நீங்கள் தெரியத்தான் செய்வீர்கள். இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2020-ல் தொடுத்த வழக்கில், சேகரித்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது. கூகுளின் இருப்பிட வரலாறு என்ற பொத்தானை அணைத்தும் இருப்பிடம் பதிவானதை 2018-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. 'இணையம், செயலி நடவடிக்கை' என்ற இன்னொரு பொத்தான் தனியாக எரிந்துகொண்டிருந்தது. ஆகவே கூகுள் கணக்கில் இந்த இரண்டையும் பார்த்து அணைக்க வேண்டும். ஃபோனின் விளம்பர எண்ணை ஆண்ட்ராய்டில் நீக்கிவிடலாம், ஐஃபோனில் பின்தொடர்தலை மொத்தமாக மறுக்கலாம். ஏலக் குறிப்புகளை ஒன்றாகக் கட்டும் கயிறு அந்த எண்தான் என்பதால், ஐந்து நிமிட வேலையில் அதிகப் பலன் தருவது இதுவே. மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுக்கும் உலாவி, தொடர்புப் பட்டியலுக்கும் இருப்பிடத்துக்கும் கேட்டால் மறுப்பது, இரண்டும் அடுத்தபடி. கணக்கை அழித்தால் அந்தக் கணக்கின் கோப்பு அதற்குமேல் வளராது. ஏற்கெனவே தரகர்களிடம் போனது திரும்பி வராது.

விலைச்சீட்டு ஒட்டியபோது

பயனரின் ஒப்புதல் இல்லாமல் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது ஐரோப்பாவில் 2018 மே முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் கடினமானது. நெருக்கடி முற்றியதும் 2023 நவம்பரில் மெட்டா அங்கே ஒரு வினோதமான காரியம் செய்தது: விலையை எழுதிக் காட்டியது. விளம்பரமில்லாத ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வேண்டுமானால் கணினியில் மாதம் 9.99 யூரோ, ஃபோனில் 12.99. வேண்டாம் என்றால் பின்தொடர்தலுக்குச் சம்மதிக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

குறைவான தகவலை எடுத்துக்கொண்டு அதே சேவையைத் தரும் மாற்று இல்லாததால் இது உண்மையான சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முடிவு செய்து 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்குள், 2024 நவம்பரிலேயே, மெட்டா கணினிச் சந்தாவை 5.99 யூரோவாகக் குறைத்து, மூன்றாவதாக ஒரு வழியையும் திறந்திருந்தது. காசும் வேண்டாம், பின்தொடர்தலும் குறைவு. பதிலுக்கு, தாண்டிப் போக முடியாத சில விளம்பரங்களைச் சில நொடிகள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.